கூண்டில் ஏறிய இரும்பு இசை

தொழிற்சாலை விபத்தில் பிறந்த ஹெவி மெட்டல், செனட் விசாரணை, தற்கொலை வழக்கு, மாஸ்கோ விமானத் திடல் என்று சுற்றிவிட்டு 2025ல் பிறந்த ஊருக்கே திரும்பியது. சுமந்த பழிகள் ஏராளம். அவற்றில் எத்தனை நியாயம்?

அமெரிக்காவின் நெவாடா மாநிலம், ரீனோ நகர நீதிமன்றம். 1990 கோடைக்காலம். சாட்சிக் கூண்டில் ராப் ஹால்ஃபோர்டு. 'ஜூடாஸ் பிரீஸ்ட்' என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் பாடகர். தோலாடை, இரும்புக் குமிழ்கள் சகிதம் மோட்டார் சைக்கிளில் மேடைக்கு வந்து இறங்கி ஆயிரக்கணக்கானவர்களை அலற வைப்பவர், அன்று ஒரு சிறிய அறையில், வக்கீல்கள் முன்னிலையில், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் வெறும் குரலில் சில வரிகள் பாடிக் காட்டினார். வரி முடியும் இடத்தில் தன் மூச்சு எப்படி வெளியேறுகிறது என்பதை அவர் நீதிபதிக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. அந்த மூச்சுதான் வழக்கே.

1985 டிசம்பர் 23. ரீனோவை ஒட்டியுள்ள ஸ்பார்க்ஸ் என்ற ஊரில் 20 வயது இளைஞர் ஒருவரும் அவருடைய 18 வயது நண்பரும் பீர் குடித்துக்கொண்டு, கஞ்சா புகைத்துக்கொண்டு, ஜூடாஸ் பிரீஸ்ட் 1978ல் வெளியிட்ட 'ஸ்டெய்ன்டு கிளாஸ்' ஆல்பத்தை மணிக்கணக்கில் கேட்டார்கள். பிறகு ஒரு தேவாலயத்தின் விளையாட்டுத் திடலுக்கு நடந்துபோய்த் துப்பாக்கியால் தங்களையே சுட்டுக்கொண்டார்கள். ஒருவர் அங்கேயே இறந்தார். மற்றவர் முகம் சிதைந்து பிழைத்து, 1988ல் இறந்துபோனார். குடும்பத்தினர் இசைக்குழு மீதும் சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட்டார்கள். ஆல்பத்தில் உள்ள ஒரு பாட்டில், காதுக்குத் தெளிவாகக் கேட்காமல் மனதுக்குள் மட்டும் இறங்கும்படி 'செய்துவிடு' என்ற கட்டளை ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. கேட்ட நஷ்டஈடு 62 லட்சம் டாலர்.

இதில் ஒரு வேடிக்கை, அந்தப் பாட்டு ஜூடாஸ் பிரீஸ்டின் சொந்தச் சரக்கே அல்ல. 'ஸ்பூக்கி டூத்' என்ற வேறொரு குழு முன்பே பாடியதை இவர்கள் மறுபடி பாடியிருந்தார்கள்.

பாட்டு ஆளைக் கொல்லுமா? இன்று கேட்டால் விசித்திரமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு 1990ல் ஒரு நீதிமன்றம் வாரக்கணக்கில் நேரம் ஒதுக்கியது. நிபுணர்கள் இரண்டு பக்கமும் சாட்சி சொன்னார்கள். நிருபர்கள் குவிந்தார்கள். ஹெவி மெட்டல் என்றால் எதையும் செய்யத் துணியும் என்று நம்ப உலகம் தயாராக இருந்தது. அந்த இசையின் உருவமும் பெயர்களும் அப்படி. ஆனால் அது பிறந்த கதையில் பிசாசு யாரும் இல்லை. ஒரு தகடு அழுத்தும் இயந்திரமும் ஒரு பையனின் இரண்டு விரல்களும்தான் உண்டு.

ஊர், இங்கிலாந்தின் பர்மிங்காம். ஆண்டு 1965. டோனி அயோமிக்கு வயது 17. இரும்புத் தகடு தொழிற்சாலையில் வெல்டர். கிடார் வாசித்துப் பிழைப்பது என்று முடிவு செய்து வேலையை விட்டுவிட்டார். அன்றுதான் கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவருக்குத் திரும்பிப் போக மனமில்லை. 'எடுத்த வேலையை முடித்துவிட்டு வா' என்று அம்மா அனுப்பி வைத்தார் என்று தன் சுயசரிதையில் எழுதுகிறார் அயோமி. வழக்கமாகத் தகடு அழுத்தும் இயந்திரத்தில் இருக்கும் ஆள் அன்று வரவில்லை. அவர் இடத்தில் அயோமியை நிறுத்தினார்கள். இயந்திரம் கை மேல் இறங்கியது. பதறிப்போய்க் கையை இழுத்ததில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன.

அயோமி இடது கைக்காரர். இடது கையால் மீட்டுவார். தந்தியை அழுத்திப் பிடிப்பது வலது கை. போனது அந்தக் கையின் விரல்கள். இனி கிடார் கிடையாது என்றார்கள் டாக்டர்கள்.

மனம் உடைந்து வீட்டில் கிடந்தவரைப் பார்க்க வந்தார் தொழிற்சாலை மேலாளர். கையில் ஓர் இசைத்தட்டு. வேண்டாம் என்றவரைக் கட்டாயப்படுத்திக் கேட்க வைத்தார். அருமையான கிடார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928ல் ஒரு தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போன பிறகு, மிச்ச விரல்களை வைத்தே ஐரோப்பாவின் மிகப் பெரிய ஜாஸ் கிடார் கலைஞரானவர் என்று மேலாளர் சொன்னார். அந்த மேலாளர் மட்டும் அன்று சும்மா நலம் விசாரித்துவிட்டுப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு விஷயமே இருந்திருக்காது.

அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினார். உருண்டை பிடித்து, சூட்டுக்கோலால் துளையிட்டு, விரல் நுனியில் மாட்டும் உறைகளாக்கினார். தந்தியில் வழுக்காமலிருக்கப் பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி ஒட்டினார். அப்போதும் வலித்தது. எனவே மெல்லிய தந்திகளைத் தேடினார். கிடைக்காததால் பேஞ்சோ வாத்தியத்தின் தந்திகளைப் போட்டுப் பார்த்தார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்தவும் தொடங்கினார். வீணை வாசிப்பவர்களுக்கு இது தெரியும். தந்தி தளர்ந்தால் விரலுக்குச் சுகம், சுருதி இறங்கும். 1971ல் வந்த மூன்றாவது ஆல்பத்தின் சில பாட்டுகளில், வழக்கமாக மூன்று கட்டையில் நிற்கும் கீழ்த் தந்தியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கியே விட்டார். ஓசை கனத்தது, அடித்தொண்டையில் உறுமியது. பின்னால் வந்த ஆயிரக்கணக்கான குழுக்கள் அச்சுறுத்தும் ஓசை வேண்டுமென்று தந்தியை இறக்கின. முதலில் இறக்கியவர் வலி பொறுக்க முடியாமல் இறக்கினார்.

அவருடன் சேர்ந்த மூவரும் அதே ஆஸ்டன் வட்டாரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பாடகர் ஆஸி ஆஸ்பார்ன் கசாப்புக் கூடத்தில் வேலை பார்த்தவர். அதற்கு முன் கார் ஹாரன்களைச் சுருதி சேர்க்கும் வேலை. (இப்படி ஒரு வேலை இருந்ததென்பதே பலருக்குச் செய்தியாக இருக்கலாம்.) சில்லறைத் திருட்டுக்காகச் சிறைக்கும் போய் வந்தவர். பள்ளி நாட்களில் அயோமியிடம் அடி வாங்கியவர் என்பதால், விளம்பரம் பார்த்து வீடு தேடி வந்த அயோமிக்கும் இவருக்கும் முதல் சந்திப்பு சங்கடமாகத்தான் இருந்தது. கணக்கு வேலை கற்றுக்கொண்டிருந்த கீசர் பட்லர் பேஸ் கிடார். பில் வார்டு டிரம்.

ஒத்திகை அறைக்கு எதிரே ஒரு சினிமா தியேட்டர். போரிஸ் கார்லாஃப் நடித்த 'பிளாக் சப்பாத்' என்ற பேய்ப் படம். பயப்படுவதற்குக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே என்று வியந்தார்கள் நால்வரும். பெயர் கிடைத்தது. 1969 அக்டோபரில் ஒரே நாளில் முதல் ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை அது வெளியானது. பதின்மூன்றும் வெள்ளியும் சேர்ந்தால் அங்கே அபசகுனம். விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 8வது இடத்துக்கு ஏறியது.

முதல் பாட்டின் முதல் ஓசைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பாஷையில் சொன்னால், கீழ் ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமத்தில் நின்று ஒரு நடுக்கம். மூன்றே ஸ்வரங்கள். ஐரோப்பாவில் அந்த இடைவெளிக்கு 'இசையில் உள்ள பிசாசு' என்று பழைய பெயர் உண்டு. தேவாலயமே அதைத் தடை செய்தது என்று மெட்டல் ரசிகர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது கட்டுக்கதை. ஆனால் கேட்பவரின் நிம்மதியைக் குலைக்கும் ஓசை என்பது உண்மை. அதே பிரதி மத்தியமம் நம்மிடம் கல்யாணியில் வருகிறது, கச்சேரிகளில் களை கட்டுகிறது. ஸ்வரத்தில் பிசாசும் இல்லை, தேவதையும் இல்லை. பக்கத்தில் எது உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்த விஷயம்.

பர்மிங்காமைச் சுற்றியுள்ள பகுதியிலிருந்தேதான் ஜூடாஸ் பிரீஸ்டும் வந்தது. ஹால்ஃபோர்டு வளர்ந்த வால்சாலில் பள்ளிக்குப் போகும் வழியில் இரும்பு வார்ப்பாலை. அதன் புகையைச் சுவாசித்தபடி நடந்ததைச் சுயசரிதையில் விவரிக்கிறார். கிடார் கலைஞர் கிளென் டிப்டன் உருக்காலையில் வேலை பார்த்தவர். 1980ல் வந்த அவர்களது ஆல்பத்தின் பெயரே 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. முதன்முறை கேட்பவருக்கு ஹெவி மெட்டல், லாரியிலிருந்து கட்டடக் கம்பிகளை மொத்தமாகச் சரித்துவிட்டது போலத்தான் இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது தாய்மொழி.

உலகத்துக்குத் தெரிந்ததெல்லாம் வௌவால்தான். 1982 ஜனவரி 20, அமெரிக்காவின் டிமாய்ன் நகரம். அப்போது தனியாகப் பாடிக்கொண்டிருந்த ஆஸி ஆஸ்பார்ன், ரசிகர் ஒருவர் மேடையில் வீசியதை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்தார். நிஜ வௌவால். அன்றிரவே வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசி. அந்த ஒரு கடி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவருடைய பெயருக்கு முன்னால் பட்டம் போல ஒட்டிக்கொண்டது. இரண்டே மாதத்தில், மார்ச் 19 அன்று, அவருடைய 25 வயது கிடார் கலைஞர் ராண்டி ரோட்ஸ் சிறு விமான விபத்தில் இறந்ததை ரசிகர்கள் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில் வந்தது 1985. பனிப்போரின் இரண்டு தரப்பும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போன அபூர்வமான ஆண்டு. சோவியத் யூனியனில், உக்ரைனின் நிகோலாயெவ் மண்டல இளைஞர் கம்யூனிஸ்டு அமைப்பு, ஜனவரியில் ஒரு ரகசியப் பட்டியல் தயாரித்தது. நடன அரங்குகளில் ஒலிக்கக் கூடாத 38 வெளிநாட்டு இசைக்குழுக்கள், பாடகர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குற்றம். பிளாக் சப்பாத்துக்கு 'வன்முறை, மத மூடத்தனம்'. ஜூடாஸ் பிரீஸ்டுக்கு 'கம்யூனிச எதிர்ப்பு, இனவெறி'. ஏசி/டிசிக்கு 'நவபாசிசம், வன்முறை'. காதல் பாட்டு பாடும் ஸ்பானியப் பாடகர் ஹூலியோ இக்லேசியஸ் மீதும் 'நவபாசிசம்' என்று எழுதியிருந்ததைப் பார்த்தால், பட்டியல் போட்டவர்கள் எவ்வளவு கேட்டார்கள் என்பது சந்தேகம்தான்.

அதே ஆண்டு வாஷிங்டனில் செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர், நிதியமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் மனைவி சூசன் பேக்கர் முதலானோர் பெற்றோர் அமைப்பு ஒன்றைத் தொடங்கி, ஆபத்தான 15 பாட்டுகளின் பட்டியலை வெளியிட்டார்கள். அதிலும் பிளாக் சப்பாத் உண்டு. ஜூடாஸ் பிரீஸ்ட் உண்டு. ஏசி/டிசியும் உண்டு.

செப்டம்பர் 19 அன்று செனட் குழுவின் விசாரணை. 'ட்விஸ்டட் சிஸ்டர்' குழுவின் டீ ஸ்னைடர் ஜீன்ஸ், கையில்லாத சட்டை, புதர் மாதிரி முடியுடன் வந்து, பின் பாக்கெட்டிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து விரித்தார். கோமாளி மாட்டிக்கொண்டான் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம். எனக்கு வயது 30, மணமானவன், மூன்று வயது மகன் இருக்கிறான், கிறிஸ்தவன், புகைப்பதில்லை, குடிப்பதில்லை, போதை மருந்து தொடுவதில்லை என்று நிதானமாகத் தொடங்கினார். அவருடைய பாட்டு ஒன்று வக்கிரமான சித்திரவதையைப் பற்றியது என்று சொல்லியிருந்தார்கள். அது தன் குழுவின் கிடார் கலைஞருக்கு நடந்த தொண்டை அறுவை சிகிச்சையைப் பற்றியது, ஆபரேஷன் மேஜைக்குப் போகும் பயத்தைப் பற்றியது என்றார். தேடுகிறவர்கள் தேடுவதைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். பலன்? ஆல்பங்களின் உறையில் பெற்றோருக்கான எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்டது. ஒட்டிய ஆல்பங்களைத் தேடி வாங்கினார்கள் பையன்கள். எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான்.

இந்த விசாரணை முடிந்து மூன்று மாதத்தில் ஸ்பார்க்ஸ் சம்பவம்.

அந்தப் பழிகள் உச்சத்தில் இருந்த அதே நாட்களில், வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1984 டிசம்பர் 31. 'டெஃப் லெப்பர்டு' குழுவின் டிரம் கலைஞர் ரிக் ஆலன், வயது 21, ஷெஃபீல்டு அருகே கார் விபத்தில் சிக்கினார். இடது கை துண்டானது. டாக்டர்கள் மறுபடி பொருத்தினார்கள். சீழ் பிடித்ததால் எடுக்க வேண்டியதாயிற்று. (டெஃப் லெப்பர்டை ஹெவி மெட்டலில் சேர்க்கலாமா என்று கேட்கும் தீவிர ரசிகர்கள் இரண்டு பத்திகள் பொறுத்துக்கொள்ளவும். பிறந்தது அந்தத் தொட்டிலில்தான்.)

ஒரு கையால் டிரம் வாசிக்க முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் இருந்த நுரை மெத்தையில் ரிக் ஆலன் காலால் தாளம் போடத் தொடங்கினார். இடது கை அடிக்க வேண்டியதை இடது கால் அடித்தால் என்ன? மின்னணு டிரம்களில் மிதிகட்டைகள் பொருத்தப்பட்டன. குழு வேறு ஆளைத் தேடவில்லை. காத்திருந்தது. 1986 ஆகஸ்ட் 16, டானிங்டன் திடல். பாடகர் ஜோ எலியட் பெயரைச் சொன்னதும் கூட்டம் எழுப்பிய ஓசையில் ரிக் ஆலன் அழுதார். மறு ஆண்டு வந்த 'ஹிஸ்டீரியா' ஆல்பம் உலகெங்கும் 2 கோடிக்கு மேல் விற்றது. செனட்டில் இந்த மாதிரிக் கதைகளை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

எல்லாக் கதையும் இப்படி முடியவில்லை. டானிங்டனுக்கு ஆறு வாரங்கள் கழித்து, செப்டம்பர் 27 அன்று, சுவீடனில் 'மெட்டாலிகா' குழுவின் பஸ் கவிழ்ந்தது. பேஸ் கிடார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். வயது 24. பஸ்ஸில் அந்தப் படுக்கை யாருக்கு என்று சீட்டு இழுத்திருந்தார்கள். வென்றவர் அவர்.

மீண்டும் ரீனோ. ஜூரிகள் இல்லாமல் நீதிபதி ஜெர்ரி கார் வைட்ஹெட் தனியே விசாரித்தார். பாட்டின் சொற்களுக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு உண்டு. ஆனால் கேட்பவருக்கே தெரியாமல் உள்ளே நுழையும் கட்டளைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று அவர் முன்பே தீர்மானித்திருந்தார். இசைக்குழுவுக்கு இது ஆபத்தான இடம். பல தடங்களில் பதிவான மூல ஒலிநாடாக்களைப் பிரித்துப் பிரித்துக் கேட்டார்கள். ஆல்பத்தைப் பின்னோக்கி ஓடவிட்டால் சாத்தான் பேசுவதாகவும் வாதம் வந்தது. ஹால்ஃபோர்டு வீட்டில் உட்கார்ந்து அதே ஆல்பத்தைப் பின்னோக்கி ஓடவிட்டு, நாற்காலி உடைந்துவிட்டதென்று அம்மாவிடம் முறையிடுவது போலவும் பெப்பர்மிண்ட் கேட்பது போலவும் ஒலிக்கும் இடங்களைக் கண்டுபிடித்து வந்து நீதிமன்றத்தில் போட்டுக் காட்டினார். சிரிப்பு எழுந்தது. ரகசியக் கட்டளை வைப்பதானால் ரசிகர்களைச் சாகச் சொல்வோமா, இன்னும் இரண்டு இசைத்தட்டு வாங்கச் சொல்ல மாட்டோமா என்று குழுவின் தரப்பு கேட்டது. வியாபார ரீதியில் மறுக்க முடியாத வாதம்.

சிரிப்புக்கு இடமில்லாத விவரங்களும் வெளிவந்தன. இரண்டு இளைஞர்களும் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். வேலை நிலைக்கவில்லை. வீட்டில் வன்முறை. போதை. இவை ஒவ்வொன்றையும் நீதிமன்றத்தில் பிரதிவாதித் தரப்பு அடுக்கியபோது, பிள்ளைகளை இழந்த பெற்றோர் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. யாரோ ஒரு பாடகன் மேல் பழியைப் போட விரும்பிய அந்தக் குடும்பங்களைக் கேலி செய்வது சுலபம். காரணம் தெரியாத சாவை விடக் காரணம் தெரிந்த சாவு கொஞ்சம் தாங்கக் கூடியது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம்.

1990 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு. 'செய்துவிடு' போல ஓர் ஓசை கேட்கத்தான் செய்கிறது என்றார் நீதிபதி. ஆனால் அது பாடகர் மூச்சு விடும் ஓசையும் கிடார் ஓசையும் தற்செயலாகக் கலந்ததால் வந்தது, யாரும் வேண்டுமென்று வைத்ததல்ல. வழக்கு தள்ளுபடி. ஒலிநாடாக்களைத் தருவதில் இழுத்தடித்ததற்காக சி.பி.எஸ்.ஸுக்கு 40,000 டாலர் அபராதம். பத்து நாளில் ஜூடாஸ் பிரீஸ்ட் புதிய ஆல்பத்தை வெளியிட்டது. பெயர், 'பெயின்கில்லர்'.

நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மெட்டல் உலகில் நிஜக் குற்றமே நடக்கவில்லை என்று யாரும் வாதாட முடியாது. 1992 ஜூன் 6ல் நார்வேயின் பெர்கன் அருகே பழமையான ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்து சாம்பலானது. தொடர்ந்து வேறு தேவாலயங்கள். 1993 ஆகஸ்டில் 'மேஹம்' குழுவின் கிடார் கலைஞர் குத்திக் கொல்லப்பட்டார். கொன்றவரும் இசைக்கலைஞரே. அவர் சில தேவாலயங்களுக்குத் தீ வைத்ததும் நிரூபணமாகி, 21 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இங்கே மூச்சையும் முணுமுணுப்பையும் ஆராய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. செய்தவர்கள் செய்ததைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டார்கள். 'பிளாக் மெட்டல்' என்ற அந்தப் பிரிவின் ரசிகர்கள் இன்றும் இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்வதில்லை.

ஆனால் அதற்கு ஓராண்டு முன், 1991 செப்டம்பர் 28 அன்று, மாஸ்கோவின் துஷினோ விமானத் திடலில் நடந்ததை வேறு எந்த வகை இசையும் பார்த்ததில்லை. ஆகஸ்டில் கம்யூனிஸ்டுப் பழமைவாதிகளின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி மூன்றே நாளில் தோற்றிருந்தது. எதிர்த்து நின்ற இளைஞர்களுக்குப் பரிசாக இலவசக் கச்சேரி. ஏசி/டிசி, மெட்டாலிகா, பான்டெரா. வந்தவர்கள் 5 லட்சம் என்பது குறைந்த கணக்கு. அதைப் போல இரண்டு மூன்று மடங்கு சொல்பவர்களும் உண்டு. தலைக்கு மேல் ராணுவ ஹெலிகாப்டர்கள் வட்டமிட்டன. படை வீரர்கள் தடியால் கூட்டத்தைத் தாக்கினார்கள். பாட்டில்கள் பறந்தன. பலருக்கு மண்டை உடைந்தது. படமெடுக்கப்பட்ட காட்சிகளில் இன்னொன்றும் தெரிகிறது. சீருடை அணிந்த சில வீரர்களே கூட்டத்தோடு சேர்ந்து தலையை ஆட்டுகிறார்கள். நிகோலாயெவ் பட்டியலில் 'நவபாசிசம்' என்று எழுதப்பட்டவர்கள், ஆறே ஆண்டில் சோவியத் தலைநகரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதத்தில் சோவியத் யூனியனே இல்லை. பாட்டால் அது விழுந்தது என்பது அபத்தம். பாட்டுக்குப் பயந்தவர்கள் எதற்கெல்லாம் பயந்திருந்தார்கள் என்பதுதான் அன்று தெரிந்தது.

ரீனோவில் எட்டு ஆண்டுகளுக்கு முன் பாடிக் காட்டிய ஹால்ஃபோர்டு, 1998 பிப்ரவரியில் எம்.டி.வி. பேட்டி ஒன்றில் தான் ஓரினச் சேர்க்கையாளர் என்பதைப் போகிற போக்கில் சொன்னார். பேட்டி எடுத்த அறையில் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டதாம். ஆண்மையின் மறுபெயராகத் தோலாடையையும் இரும்புக் குமிழையும் உலகெங்கும் பையன்கள் அணிந்து திரிந்தார்களே, அந்த உடையை 1970களின் இறுதியில் மெட்டல் மேடைக்குக் கொண்டுவந்தவர் அவர். லண்டனின் சோஹோ பகுதிக் கடையில் வாங்கிய உடை அது. ரசிகர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று இருபது ஆண்டுகள் பயந்திருந்தார். கைவிடவில்லை. கடிதங்கள் குவிந்தன. 2003ல் பழைய குழுவுக்கே திரும்பினார். 2022ல் ராக் இசைக்கான கௌரவ அரங்கில் குழு கௌரவிக்கப்பட்ட மேடையிலும் அதைச் சிரித்தபடி குறிப்பிட்டார்.

இந்தியாவுக்கு இந்த இசை கேசட் வழியாக, கைமாறிக் கைமாறி வந்தது. 1993ல் 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' என்ற பத்திரிகை தொடங்கப்பட்டது மும்பையிலும் இல்லை, பெங்களூரிலும் இல்லை. அலகாபாத்தில். 2007 மார்ச் 17 அன்று 'அயர்ன் மெய்டன்' பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது, வடகிழக்கிலிருந்தெல்லாம் ரயிலேறி வந்தார்கள். மெட்டாலிகாவின் டெல்லி நிகழ்ச்சி 2011 அக்டோபரில் தடுப்பு உடைந்து, ரத்தாகி, ரகளையில் முடிந்தது. இரண்டு நாள் கழித்து பெங்களூர் நிகழ்ச்சி மழை ஈரத்தில் அமர்க்களமாக நடந்தது. 2019ல் டெல்லிக் குழுவான 'பிளடிவுட்' டோல் மேளத்துடன் ஜெர்மனியின் வாக்கன் விழா மேடையில் ஏறியது. மனச்சோர்வைப் பற்றி அவர்கள் போட்ட 'ஜீ வீரே' என்ற பாட்டுடன், ரசிகர்கள் சிலருக்கு மனநல ஆலோசகரிடம் பேசுவதற்கான கட்டணத்தையும் கையிலிருந்து கட்டினார்கள். ரீனோ வழக்கின் வக்கீல்கள் இதை எதில் சேர்ப்பார்களோ.

2025 ஜூலை 5. பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதி, வில்லா பார்க் கால்பந்துத் திடல். சிறுவனாக இருந்தபோது ஆட்டம் பார்க்க வருபவர்களின் கார்களைக் காவல் காத்துக் காசு வாங்கிய அதே தெருக்களுக்கு ஆஸி ஆஸ்பார்ன் திரும்பி வந்திருந்தார். வயது 76. பார்க்கின்சன் நோய். நிற்க முடியாது. மேடைக்கு அடியிலிருந்து எழும்பிய கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்து பாடினார். 40 ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம். மெட்டாலிகாவும் பான்டெராவும் ஸ்லேயரும் கன்ஸ் அன்ட் ரோசஸும் அன்று பக்கவாத்தியக்காரர்கள் மாதிரி முன்னால் வாசித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். வருமானம் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் இரண்டு குழந்தைகள் மருத்துவ அமைப்புகளுக்கும்.

முதலில் தன் சொந்தப் பாட்டுகள் ஐந்து. அதில் ஒன்று 'சூயிசைடு சொல்யூஷன்'. கலிபோர்னியாவில் ஒரு 19 வயது இளைஞரின் தற்கொலைக்குக் காரணம் என்று 1980களில் வழக்குத் தொடரப்பட்டுத் தள்ளுபடியான பாட்டு. ஆங்கிலத்தில் அந்த இரண்டாவது சொல்லுக்குத் தீர்வு என்றும் அர்த்தம், கரைசல் என்றும் அர்த்தம். பாட்டு சொல்வது சாராயத்தை. குடித்துக் குடித்துச் சாவதைப் பற்றி, வாழ்நாளில் பாதியைக் குடியில் தொலைத்த ஒருவர் பாடியது. வழக்குப் போட்டவர்கள் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். கடைசி நிகழ்ச்சியிலும் அதை விட்டுவிட அவர் தயாரில்லை.

பிறகு நால்வரும். பில் வார்டு அவர்களுடன் சேர்ந்து வாசித்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கே பாட்டுகள். கடைசியாக 'பேரனாய்டு'. 1970ல் ஆல்பத்தில் இடம் நிரப்ப அவசரமாக உருவாக்கி, அவர்களுக்கு மிகப் பெரிய வெற்றியாக அமைந்தது. ஆஸியின் வலப்புறமாக நின்ற அயோமிக்கு வயது 77. வலது கையின் இரண்டு விரல்களில் அன்றும் உறைகள் இருந்தன.

பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ஆஸி ஆஸ்பார்ன் இறந்தார். 30ஆம் தேதி பிராட் தெரு வழியாகச் சவ ஊர்வலம். கால்வாய்க்கு மேலே 'பிளாக் சப்பாத் பாலம்' என்று 2019ல் பெயர் சூட்டப்பட்ட இடத்தில் வண்டி நின்றது. பூக்கள் குவிந்து கிடந்தன. மனைவியும் பிள்ளைகளும் இறங்கி வந்து பார்த்தார்கள். கறுப்புச் சட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இரண்டு பக்கமும் நின்று பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். வண்டிக்கு முன்னால் ஒரு பேண்டு வாத்தியக் குழு. ஊதுகுழல்களில் 'அயர்ன் மேன்' வாசித்துக்கொண்டு நடந்தது.